பெரட்டில் நின்றது போதும், வட்டமாக உட்கார்ந்து பேசுவோம்

(தொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர்கள். விடியுமுன்பே வரிசை, பேர் கூப்பிடுதல், யாருக்கு எந்த வேலை என்ற உத்தரவு. பேசுகிறவர் கிராணி அல்லது மண்டோர். தினமும் பால்மரம் வெட்டுகிறவருக்குத்தான் அந்த மரத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆனால் அவரை அழைத்து "நேற்று என்ன கண்டாய்?" என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

தோட்டத்தை விட்டு வந்தோம், பெரட்டு நம்மை விடவில்லை. இன்றும் பல தொழிற்சாலைகளில் ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் பேசுகிறார், நாம் தலையாட்டுகிறோம். இருபது வருடம் இயந்திரத்தோடு பழகிய அண்ணன் ஓய்வு பெறும்போது அவருடைய அனுபவமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்து வரும் தம்பி அதே பாடத்தைக் கையைக் கொடுத்துக் கற்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. ஜப்பான் தொழிற்சாலைகளில் 1962 முதல் தொழிலாளர்கள் சிறு வட்டங்களாகக் கூடி, தங்கள் வேலையில் உள்ள குறைகளைத் தாங்களே ஆராய்ந்தார்கள். அமெரிக்க இராணுவத்தில் பயிற்சி முடிந்ததும் அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து உட்கார்ந்து நடந்ததை அலசுகிறார்கள். இராணுவத்திலேயே சிப்பாய் வாய் திறக்கலாம் என்றால், நம் வேலையிடத்தில் ஏன் கூடாது?

செய்யும் முறை எளிது. வாரம் ஒருமுறை, 15 நிமிடம், ஐந்தாறு பேர். நான்கே கேள்விகள்:

1. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்?
2. உண்மையில் என்ன நடந்தது?
3. ஏன் அப்படி நடந்தது?
4. அடுத்த முறை என்ன செய்வோம், யார் செய்வார்?

ஒரு கிடங்கை எண்ணிப் பாருங்கள். லோரியில் சரக்கு ஏற்றும்போது பெட்டிகள் சரிந்து விழுகின்றன. "யார் அடுக்கியது?" என்று கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். "ஏன் சரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பலகை உடைந்திருந்தது, அவசரப்படுத்தினார்கள், மழையில் தரை வழுக்கியது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆளைத் தேடினால் பயம்தான் கிடைக்கும். காரணத்தைத் தேடினால் பாடம் கிடைக்கும்.

சில விதிகளை மறக்காதீர்கள். வேலைக்குப் புதியவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில் பேசட்டும். மூத்தவர் முதலில் முடிவு சொல்லிவிட்டால் மற்றவர் மறுத்துப் பேசத் தயங்குவார். நம்மவர் மட்டும் தனியாகக் கூட வேண்டாம். பக்கத்தில் நிற்கும் மலாய் நண்பரையும் நேப்பாளத் தொழிலாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விபத்து இனம் பார்த்து வருவதில்லை. வேலை நேரத்துக்குள்ளேயே இதற்கு நேரம் கேளுங்கள், இது சம்பளமில்லாத ஓவர் டைம் ஆகிவிடக்கூடாது.

பேசியதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மலாயிலும் எழுதினால் நிர்வாகமும் படிக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் உதவி கேளுங்கள். அப்பா அம்மா செய்யும் வேலையின் அருமை பிள்ளைக்கும் புரியும்.

அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி 40 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் வட்டத்தில் கண்ட ஆபத்தை அந்தக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். பாதுகாப்பு பற்றிப் புகார் செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் அவ்விடத்தை விட்டு விலகவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தனியாளாகக் கேட்கப் பயம். ஐந்து பேர் சேர்ந்து பார்த்ததை, தேதியோடு எழுதியதை, அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது.

இன்னொரு பயனும் உண்டு. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி, பிபிடி என்ற முறையில் எஸ்.கே.எம். எனும் திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். "எனக்கு வேலை தெரியும்" என்று வாயால் சொன்னால் போதாது. என்ன பிரச்சினை வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்ற குறிப்பு கையில் இருந்தால், சான்றுகளைத் திரட்டும்போது அது துணைக்கு வரும்.

தோழர்களே, தாய்மார்களே! முதல் வாரம் யாரும் பேசாமல் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே நின்றவர்கள் நாம். இரண்டாம் வாரமும் கூடுங்கள். பேசியதில் ஒன்றையாவது செய்து முடித்துக் காட்டுங்கள், ஓர் உடைந்த பலகையை மாற்றியிருந்தாலும் போதும். மூன்றாம் வாரம் அவர்களே பேசுவார்கள்.

நமது உழைப்புக்குக் கூலி கேட்கிறோம். நமது அறிவுக்கு மரியாதையும் கேட்போம். அதற்கு முதலில் நமக்குத் தெரிந்ததை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.