திருமணத்துக்கு முன் எழுதிய பெயர்

எமரால்டு அணையின் மேல் பனி கலையுமுன்னே கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க ஏறுகிற ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வயதில் எஸ்டேட்டில் சேர்ந்தபோது, வருங்கால வைப்புநிதிப் படிவத்தில், பெற்ற தாயின் பெயரையே நாமினியாக எழுதினார். நியாயந்தான், அன்று அவருக்கு வேறு யார்? பின்பு விவாகம் நடந்தது, குழந்தைகள் பிறந்தன, தேயிலைச் செடிகளும் பல தடவை கவாத்துக் கண்டன; படிவம் மட்டும் அப்படியே கிடந்தது.

1952ஆம் ஆண்டின் வைப்புநிதித் திட்டப்படி, திருமணத்துக்கு முன் எழுதிய நாமினி, திருமணத்துக்குப் பின் செல்லாது. புதிதாக எழுத வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: பழைய பெயர் செல்லாது. தாயை விட்டுவிட மனம் வராதவர்கள், அந்தத் தாய் தம்மையே நம்பி ஜீவிப்பவராயின், கணவர், மக்களோடு அவரையும் பங்கு குறித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

வைப்புநிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்திலும் ஒரு விஷயம். பத்து வருஷ சேவை உள்ளவருக்கு 58 வயதில் முழு ஓய்வூதியம். வேலையை விட்டவர் 50 வயதிலேயே கேட்கலாம். ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் நூற்றுக்கு நான்கு குறையும், அக்குறைவு ஆயுள் பரியந்தம் தொடரும். அவசரத் தேவை இல்லாதவர் காத்திருப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

இன்று எஸ்டேட் ஆபீஸ் பக்கம் போகிறவர்கள், உங்கள் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதென்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.