அடுத்த வீட்டு வளவு

(யூபிலி ஆண்டையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் கோவிலுக்கு வெள்ளையடிக்கிறோம். கொடிமரத்துக்கு வர்ணம் பூசுகிறோம். கெபியைச் சுற்றிச் சுத்தம் செய்கிறோம். இந்த ஆண்டில் பேசுவதற்காக நமக்குத் தரப்பட்ட பொருளோ அடுத்த வீட்டுக் குப்பை! கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரே தெருவில் பல வருடம் பழகிய இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போவதற்கு, நிலத்தகராறும் பணத்தகராறும் போலவே இந்தக் குப்பையும் ஒரு காரணம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஒரே திருப்பலியில் முழந்தாளிடுகிறவர்கள், வீடு திரும்பியதும் ஒரே வாறுகாலின் இரண்டு கரைகளில் பகைவர்களாக வாழ்கிறார்கள். ஆகவே இது சிறிய விஷயமல்ல.

நம் கரிசல் காட்டில் குப்பை என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. சாணம், சாம்பல், ஆட்டுப் புழுக்கை, கம்பந்தட்டை, கூட்டிப் பெருக்கிய மண் எல்லாம் வீட்டை ஒட்டிய குப்பைக்கிடங்கில் வருடம் முழுவதும் சேரும். கோடையில் அதை வெட்டி, வண்டி பூட்டி, நிலத்துக்குக் குப்பையடிப்பார்கள். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விதைத்த மானாவாரி விவசாயிக்கு அதுதான் மூலதனம். பெரிய குப்பை கிடக்கும் வீடு வசதியான வீடு என்று பெண் கொடுக்க வந்தவர்கள்கூடக் கணக்குப் போட்ட காலம் அது.

இந்த அருமையை வெளிநாட்டாரும் உணர்ந்தார்கள். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவின் இந்தூர் நகரில் பணியாற்றினார். அதுவும் நம்முடையதைப் போன்ற கரிசல் மண் பூமிதான். செடி கொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி மக்க வைத்து உரமாக்கும் முறையை அவர் அங்கே வகுத்தார். இன்றும் உலகம் அதை இந்தூர் முறை என்றே அழைக்கிறது.

அப்படியானால் இன்று மாறியது என்ன? குப்பையில் கிடக்கும் பொருள்தான் மாறியது. பாலிதீன் பை மக்குவதில்லை. பழைய டயர், உடைந்த பிளாஸ்டிக் குடம், மருந்துப் புட்டி, தெர்மாகோல் எதையும் நிலம் ஏற்பதில்லை. ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தடைக்கு முன்பு சேர்ந்தது அப்படியே கிடக்கிறது. தடைக்குப் பின்பும் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வண்டி பூட்டி வயலுக்கு அனுப்ப முடியாத குப்பை வளவிலேயே தங்கிவிடுகிறது.

அதனால் வரும் ஆபத்தை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பும் தேளும் வரும் என்பது தெரிந்ததே. அதைவிடப் பெரிய ஆபத்து, பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. டெங்கு காய்ச்சலைப் பரப்புவது இதுதான். சாக்கடையைவிடத் தெளிந்த தண்ணீரையே இது விரும்பும். ஒரு தேங்காய்ச் சிரட்டையில், ஒரு டயருக்குள், வெளியே தூக்கிப் போட்ட பழைய ஆட்டுரல் குழியில் மழைநீர் நின்றால் போதும். முட்டை கொசுவாகச் சுமார் 7 முதல் 10 நாட்கள்தான் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. பல மாதம் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கரிசல் மண்ணோ மழையில் நனைந்து உப்பிவிட்டால் தண்ணீரை எளிதில் கீழே விடாது. நம் தெருக்களில் தண்ணீர் எப்படித் தேங்கி நிற்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

2012-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டது. 66 பேர் இறந்தார்கள். அந்த வருடம் கடுமையாக அடிபட்டது நம் பக்கத்துத் திருநெல்வேலிச் சீமைதான். 2017-ல் 23,294 பேருக்குக் கண்டது. 65 பேர் இறந்தார்கள். இவை அரசுக் கணக்கு. இந்தக் கொசு வழக்கமாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அதாவது நம் குழந்தையைக் கடிக்கும் கொசு நம் வீட்டிலோ, நம் பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும். தண்ணீரைப் பிடித்துச் சேமித்து வைத்தே பழகிய ஊர் நம்முடையது. ஆகவே அடுத்த வீட்டு வளவைப் பார்ப்பதற்கு முன் நம் வீட்டுத் தொட்டிக்கும் பானைக்கும் மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கிளம்பினால் எப்படிப் போவது? இதுதான் கேள்வி. பெரும்பாலும் நாம் சுவர் வழியாகப் போகிறோம். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போடுகிறோம். சுவர் வழியாகச் சொன்ன எந்தச் சொல்லும் ஒரு வளவைச் சுத்தம் செய்ததில்லை. வாசல் வழியாகப் போக வேண்டும்.

ஊரையும் பெயரையும் சொல்லாமல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஒரு தெருவில் தனியாக வாழ்ந்த ஓர் ஆச்சி. கணவர் பழைய இரும்பு, பேப்பர் வாங்கி விற்றவர். இறந்து பல வருடம் ஆகிவிட்டது. மகன் பிழைப்புக்காகத் திருப்பூர் பக்கம் போய்விட்டார். வளவு முழுவதும் தகரம், சாக்கு மூட்டை, புட்டி, சிரட்டை, இற்றுப்போன தீப்பெட்டிக் கட்டைகள். ஐப்பசி மழையில் அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிள்ளை பிழைத்தது. தகப்பனார் சுவரோரம் நின்று பேசக்கூடாத வார்த்தைகளைப் பேசினார். தெருவில் சிலர் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஆச்சி கதவைச் சாத்திக்கொண்டார். குழாயடிக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டார்.

அப்போது நம் பங்கைச் சேர்ந்த தாய்மார்கள் மூன்று பேர் வாசல் வழியாகப் போனார்கள். முதல் நாள் குப்பையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் கேட்டார்:

"ஆச்சி, இந்தச் சாமானையெல்லாம் யாருக்காக வச்சிருக்கீங்க?"

"அது உங்க தாத்தா சேத்து வச்சதும்மா. அதை வித்தாத்தான் என் காரியத்துக்கு ஆகும். நான் போனா எம் மகன் கடன் வாங்கி என்னைத் தூக்கக் கூடாதுல்ல?"

அன்பானவர்களே, தெரு முழுவதும் குப்பை என்று ஏசியது அந்த அம்மாளின் அடக்கச் செலவுக்கான சேமிப்பு! அதைத் தூக்கி எறி என்று சொன்னபோது அவர் கதவைச் சாத்தியதில் வியப்பென்ன?

விஷயம் தெரிந்த பிறகு வழியும் தெரிந்தது. பழைய இரும்பு வியாபாரி ஒருவரை அழைத்து வந்து, ஆச்சியின் கண் முன்பே, அவர் கணவரின் தராசிலேயே நிறுத்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் வந்தது. அது ஆச்சியின் கையில் கொடுக்கப்பட்டது. "உங்க காரியம் எங்க பொறுப்பு ஆச்சி" என்று பங்கின் பெரியவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை இளைஞர்கள் மீதியை அள்ளினார்கள். சுவரோரம் நின்று ஏசிய தகப்பனாரும் மண்வெட்டியோடு வந்தார். தராசை மட்டும் ஆச்சி தரவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சில மாதத்தில் இரண்டு மூட்டைகள் மறுபடியும் சேர்ந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது, "ஆச்சி, மூட்டையில தண்ணி நிக்குது, கவுத்திரட்டுமா?" என்று உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கிறது. அதுதான் பெரிய மாறுதல்.

எல்லா வளவும் இப்படி அல்ல என்பதும் உண்மை. ஆளில்லாத காலி மனைகள் இருக்கின்றன. சொந்தக்காரர் கோயம்புத்தூரிலோ பம்பாயிலோ இருப்பார். மனையில் சீமைக் கருவேலம் முளைத்து நிற்கும். முள்ளுக்குள் குப்பை ஏறும். அந்தக் குப்பை சொந்தக்காரர் போட்டதல்ல, வழியில் போகிறவர்கள் போட்டது. இங்கே முதலில் செய்ய வேண்டியது சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது. நகராட்சி வரி ரசீதோ, கிராம நிர்வாக அலுவலரோ, உறவினரோ வழி காட்டுவார்கள். "அண்ணாச்சி, உங்க மனையை நாங்க சுத்தம் செய்து தர்றோம், சம்மதம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்டால் பலரும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். அனுமதி இல்லாமல் பிறர் மனைக்குள் இறங்கக் கூடாது. சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. தூரோடு பெயர்க்காவிட்டால் மறுபடியும் தழைத்துவிடும். இம்மரம் போன்ற ஆக்கிரமிப்புத் தாவரங்களை ஒழிப்பதற்கென்று தமிழக அரசு 2022-ல் ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. கரிமூட்டம் போடுகிறவர்கள் நம் வட்டாரத்தில் உண்டு. விறகு அவர்களுக்கு, சுத்தமான மனை நமக்கு. ஆனால் குப்பைக்கு மட்டும் தீ வைக்காதீர்கள். பிளாஸ்டிக் புகை நஞ்சு. அதோடு தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில் தீயோடு விளையாடுவது அறிவுடைமை ஆகாது.

இனி, எத்தனை தடவை வாசல் வழியாகப் போனாலும் ஏறெடுத்துப் பார்க்காதவர்களும் உண்டு. தொழில் செய்து லாபத்தைத் தாம் எடுத்துக்கொண்டு, கழிவைத் தெருவுக்கு விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. அதை நாடுவதில் பாவமில்லை. அன்றைய சென்னை மாகாணம் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. சுகாதாரத்துக்குக் கேடான குவியலை அகற்றும்படி நோட்டீஸ் கொடுக்க அது சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே முதல் மனு நகராட்சிக்கு அல்லது ஊராட்சிக்கு. தேதி போட்டு எழுதி, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் கோட்டாட்சியர். பொதுமக்களுக்குத் தொல்லையானதை அகற்றும்படி உத்தரவிட, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ம் பிரிவு அவருக்கு அதிகாரம் தந்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 152-ம் பிரிவு. ஒன்றை நினைவில் வையுங்கள்: தொல்லை பொதுவானதாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்குள் உள்ள சொந்தச் சச்சரவுக்கு இந்தப் பிரிவு உதவாது.

இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்ததும் ஒரு கரிசல் சீமைதான். இந்தூரிலிருந்து அதிக தூரமில்லாத ரத்லம் நகரில், ஒரு வார்டு மக்கள் நாற்றமெடுக்கும் திறந்த சாக்கடையாலும், ஆலைக் கழிவாலும், கழிப்பிடம் இல்லாத அவலத்தாலும் தவித்து, 1972-ல் மாஜிஸ்டிரேட்டிடம் போனார்கள். திட்டம் வகுத்துச் சரி செய் என்று அவர் நகராட்சிக்கு உத்தரவிட்டார். பணமில்லை என்று நகராட்சி மேல் கோர்ட்டுகளுக்குப் போயிற்று. 1980 ஜூலை 29-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். பணமில்லை என்ற காரணத்தைக் காட்டிச் சுகாதாரக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்பதே அதன் சாரம். எட்டு வருடம் பிடித்தது. ஆனால் சாதாரணத் தெருவாசிகள் வென்றார்கள்.

எட்டு வருடம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். சட்டம் குப்பையை அகற்றும். அது முடிந்த மறுநாளும் அதே ஆள் அதே வீட்டில்தான் இருப்பார். நம் வீட்டுக் கலியாணத்துக்கும் கெட்டதுக்கும் முதலில் வந்து நிற்க வேண்டியவர் அவர். ஆகவே மனு எழுதும் கையிலும் மரியாதை இருக்கட்டும். மனு கொடுக்கப் போவதை முதலில் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

இந்த யூபிலி ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை இறங்கும் முன்பு, புரட்டாசியிலேயே, ஒவ்வொரு தெருவிலும் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்வோம். நம் வளவைப் பெருக்கிவிட்டு, தெருவில் தனியாக இருக்கும் முதியவர், நோயாளி, விதவை வீடுகளுக்கு இருவர் மூவராகப் போவோம். வெறும் கையோடு போகாமல் விளக்குமாறும் சாக்கும் கொண்டு போவோம். போனதும் குப்பையைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்போம். மழைக்காலம் முழுவதும் வாரம் ஒரு முறை தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்போம்.

அயலான் யார் என்று நம் ஆண்டவரிடம் ஒருவன் கேட்டான். விளக்கம் சொல்லாமல், வழியோரம் கிடந்தவனிடம் நெருங்கிப் போன ஒருவனை அவர் காட்டினார். நம் தெருவில் அந்தக் கேள்விக்குப் பதில் வெகு தூரத்தில் இல்லை. இன்று வீட்டுக்குப் போகும் வழியில், பல நாளாகச் சாத்திக் கிடக்கும் அந்த ஒரு கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.