பார்த்தால் தெரியாத நோய்
(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

காலையில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது நான் மட்டும் வேப்பமர நிழலை விட்டு வரவில்லை. "என்னடி, கறுத்துப் போயிடுவேன்னு பயமா?" என்று சிரித்தீர்கள். அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு. எனக்கு லூபஸ். வெயில் பட்டால் நோய் கிளம்பிவிடும்.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதைதான். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் இளவயதில். இது தொற்று நோயல்ல, புற்றுநோயும் அல்ல.

எனக்கு 24 வயதில் ஆரம்பித்தது. காலையில் விரல் மடங்காது. கொத்துக் கொத்தாக முடி கொட்டும். வாயில் புண். மூக்கின் இருபுறமும் பட்டாம்பூச்சி இறக்கை விரித்தாற்போலச் சிவப்பு. எல்லாவற்றையும் விடக் கொடுமை, அசதி. "வேலைக்குப் பயந்து படுத்துக்கிறா" என்றார் மாமியார். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் மற்ற சோதனைகளும் செய்து நோயின் பெயர் தெரிய இரண்டு வருடமாயிற்று.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியது. நாலு பேர் பேச்சைக் கேட்டு, டாக்டரைக் கேட்காமல் நானே நிறுத்தினேன். சில மாதங்களில் கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. நோய் சிறுநீரகத்துக்குப் போயிருந்தது. வலியே இல்லை, வலித்திருந்தால் முன்னமே ஓடியிருப்பேன். நல்லவேளை, சிகிச்சை பலித்தது.

1950-களில் இந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்தாண்டு கூடத் தாண்டவில்லை. இன்று நிலைமை வேறு. மலேரியாவுக்கென்று வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான் இன்று எங்களில் பலருக்கு அடிப்படை மருந்து. அதற்காக ஆண்டுதோறும் கண் பரிசோதனை, சிறுநீரகத்துக்காக அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை. நோய் அடங்கியிருந்த காலத்தில், டாக்டர் சம்மதத்தோடு மகளையும் பெற்றேன். அதோ, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மாணவிகளே, உங்கள் ஹாஸ்டல் அறையிலும் ஒருத்தி மூட்டுவலி, அசதி என்று படுத்திருக்கலாம். "நடிக்கிறா" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். என்னை நம்ப ஒருத்தி இருந்திருந்தால் அந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

தோழியரே, வெயில் தாழ்ந்ததும் இன்னொரு போட்டோ எடுப்போமா? நான் நடுவில் நிற்கிறேன்.