பொது அறிவும் பரீட்சையும்

(சைதாப்பேட்டையில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், மாணாக்கர்க்குப் பரிசு வழங்குமுன் நிகழ்த்திய சொற்பொழிவு.)



பரிசளிப்புக்கு முன் சில வார்த்தை பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். பிள்ளைகளின் கண்களெல்லாம் மேஜைமீதுள்ள புத்தகக் கட்டின்மேல் இருப்பதைக் காண்கின்றோம். ஆகையால் நெடுநேரம் பேசமாட்டோம். வழக்கம்போல் கல்வியின் சிறப்பைப் புகழ்வதற்கு நாம் இம்மேடை ஏறவில்லை. நாம் செய்த பிழையொன்றைச் சபையறியச் சொல்லவே ஏறினோம்.

இவ்வாண்டு நம் சங்கம் நடத்திய பொது அறிவுப் பரீட்சையின் வினாத்தாளைத் தயாரித்தவரும், விடைகளைத் திருத்தியவரும் நாமே. விஞ்ஞானம், பூகோளம், சரித்திரம், கலை என்னும் நான்கு துறைகளிலும் வினாக்கள் கொடுத்திருந்தோம். அவற்றுள் ஒன்று, “இந்தியாவின் தேசிய விளையாட்டு யாது?” என்பது. கடையில் வாங்கிய வழிகாட்டிப் புத்தகத்தில் ‘ஆக்கி’ என்று அச்சிட்டிருந்தது. பிள்ளைகளும் அவ்வாறே எழுதினர். ஒரு சிறுமி மட்டும், “அரசாங்கம் எந்த விளையாட்டையும் அவ்வாறு அறிவிக்கவில்லை” என்று எழுதியிருந்தாள். நாம் சற்றும் தயங்காமல் சிவப்பு மையால் அடித்தோம். அந்த ஒரு மதிப்பெண்ணால் அவள் முதற்பரிசை இழந்தாள்.

மறுவாரம் அவள் தன் பாட்டியாருடன் நம் இல்லத்திற்கு வந்தாள். அழவில்லை, சண்டையிடவும் இல்லை. “தாத்தா, அந்தப் புத்தகத்துக்கு யார் சொன்னது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு தேடிப் பார்த்தோம். 2012-ஆம் ஆண்டில் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதே வினாவை எழுப்பியிருக்கிறாள். எந்த விளையாட்டும் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்படவில்லை என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சகம் மறுமொழி தந்திருக்கிறது. நம் பேத்தி வயதுடையவள் எழுதியது சரி. நாம் திருத்தியது தவறு.

பிழை ஒன்றோடு நின்றதா என்று வினாத்தாள் முழுவதையும் மீண்டும் சோதித்தோம். அந்தோ! ‘இந்தியாவின் தேசிய மொழி யாது?’ என்றும் ஒரு வினா இருந்தது. நம் அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறதேயன்றி, எந்த மொழியையும் தேசிய மொழி என்று கூறவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நாமே இதை அறியாது வினாவாக அச்சிட்டோமே! சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்பதும் நம் விடைப்பட்டியலில் இருந்தது. 2003-ஆம் ஆண்டில் விண்வெளிக்குச் சென்ற சீனரான யாங் லிவெய் தம் கண்ணுக்கு அது புலப்படவில்லை என்று திரும்பி வந்து கூறிவிட்டார். நம் குலத்தின் தொன்மையைப் பற்றிய இரண்டு வினாக்களும் இருந்தன. அவற்றின் விடைக்கு நம் சங்கத்தின் பழைய மலர்களன்றி வேறு சான்று கிடைக்கவில்லை. அவற்றை நீக்கிவிட்டோம். சிலருக்கு இது வருத்தமாயிருக்கும், நமக்கும் வருத்தமே.

இனி, பிழையென்று சொல்ல இயலாத, ஆனால் காலத்தோடு மாறிவரும் விடைகளும் உண்டு. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் யாது? 1856-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அளவு 29,002 அடி. 1955-ஆம் ஆண்டு முதல் 8,848 மீட்டர் என்று படித்தோம். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். இவற்றில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதால் பிள்ளைக்கு என்ன பயன்? ஆனால் அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால், இமயத்தை விட்டு நம் வீதிக்கே வந்து சேர்வோம். அடையாற்றுப் பாலத்தைக் கடந்து, கிண்டி வழியாகப் பரங்கிமலைக்குச் செல்லுங்கள். அதன் அருகில்தான் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் லாம்டன் என்னும் ஆங்கில அதிகாரி நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு முக்கோணங்கள் எழுந்தன. முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அரை நூற்றாண்டில் வடகோடி வரை சென்றன. அவ்வளவைத் துறையின் கணிதராகிய ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளியே அச்சிகரம் உலகில் உயர்ந்தது என்று கணித்தவர். ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் தெரியும் என்னும் பள்ளிக்கூடக் கணக்கே இதற்கெல்லாம் மூலம். விஞ்ஞானம் எங்கே முடிந்தது, பூகோளம் எங்கே தொடங்கியது, சரித்திரம் எங்கே புகுந்தது என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!

நாம் கடந்து சென்ற பாலத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கும் பாலத்தின் இடத்தில், 1726-ஆம் ஆண்டில் முதற்பாலத்தைத் தம் பொருளால் கட்டுவித்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் கல்வெட்டும் அமைத்தார். ஆர்மீனியாவின் தலைநகர் எரவான் என்று நம் பிள்ளைகள் பலர் சரியாக எழுதியிருந்தனர். நாள்தோறும் ஏறிச்செல்லும் பாலத்தில் ஓர் ஆர்மீனியர் இருக்கிறார் என்பது எவருக்கும் தெரியவில்லை. நமக்கும் அண்மையில்தான் தெரியும்.

கலைத்துறையில் வேறொரு சங்கடம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தோம். ‘அருச்சுனன் தவம்’ என்பது நம் விடை. ‘பகீரதன் தவம்’ என்று எழுதிய மூவருக்கு மதிப்பெண் தரவில்லை. அறிஞர்கள் இரு கருத்தினராகவே இன்றும் இருக்கின்றனர். பாறையின் நடுவே ஓடும் பிளவையும், அதிலுள்ள நாக உருவங்களையும் பார்ப்பவர்க்குக் கங்கை இறங்கி வருவதாகவே தோன்றும். அம்மூவருக்கும் இப்போது மதிப்பெண் வழங்கிவிட்டோம்.

நிற்க. நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து, “நீர் சொல்வதெல்லாம் நியாயமே. ஆனால் நம் பிள்ளைகள் உத்தியோகத்துக்கல்லவா எழுதப்போகிறார்கள்? அங்கே புத்தகத்தில் உள்ளதை எழுதினால்தானே பிழைக்கலாம்?” என்றார். இதை அலட்சியம் செய்வதற்கில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நடக்கும் வினாடி வினா விளையாட்டு. தோற்றால் சிரித்துவிட்டு வீடு திரும்பலாம். தேர்வாணையப் பரீட்சை அப்படியன்று. ஒரு குடும்பத்தின் அடுப்பு அதில் இருக்கிறது. நான்காம் தொகுதித் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள்; ஒன்றுக்கு ஒரு நிமிடங்கூட இல்லை. அங்கே நின்று வாதம் செய்ய முடியாது.

ஆனால் அப்பெரியவர் ஒன்றை மறந்தார். 1929-ஆம் ஆண்டில், இந்திய மாகாணங்களுக்கெல்லாம் முன்னதாக, சென்னையில் தோன்றிய அந்த ஆணையம் இன்று என்ன செய்கிறது? தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைகளை வெளியிட்டு, பிழை கண்டவர் சான்றுடன் முறையிடலாம் என்று நாள் குறிக்கிறது. ‘விடை தெரியவில்லை’ என்பதற்கும் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறது. பல லட்சம் பேரைச் சோதிக்கும் ஆணையமே தன் விடையை மறுக்க இடம் தருகிறது. சில தெருக்களின் பிள்ளைகளைச் சோதிக்கும் நாம் தரவில்லை.

ஆகவே சங்கத்தின் காரியக் கமிட்டி சென்ற வாரம் கூடி முடிவு செய்தவற்றைச் சொல்லி அமர்கின்றோம். அடுத்த ஆண்டு முதல் விடைகள் முதலில் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஒரு வாரத்துக்குள் எந்தப் பிள்ளையும் ஆதாரம் காட்டி மறுக்கலாம். ஆதாரம் தேட வேண்டியவர்க்குக் கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் சிறு பயணத் தொலைவில்தான் இருக்கிறது; ஞாயிறுதோறும் பிள்ளைகளை அழைத்துச்செல்ல இருவர் இசைந்துள்ளனர். பத்து வினாக்கள் சைதாப்பேட்டையைப் பற்றியே இருக்கும். அவற்றுக்கு நேரில் சென்று பார்த்து எழுத வேண்டும். 1856-ஆம் ஆண்டில் நார்மல் ஸ்கூலாகத் தொடங்கிய ஆசிரியர் கல்லூரி நம்மூரில் இருக்கிறது. டாக்டர் இராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்ற இடம் அது. அங்கே பயிலும் நம் பிள்ளைகளையே வினாத்தாளை முன்கூட்டிச் சோதிக்கக் கேட்டிருக்கிறோம்.

இவ்வாண்டு முதற்பரிசு பெற்ற பையனிடமிருந்து அதனைத் திரும்பப் பெறுவதில்லை. நாம் கேட்டபடி எழுதினான், அவன்மேல் குற்றமில்லை. இரண்டாவது முதற்பரிசுக்கான தொகையை விடைத்தாள் திருத்தியவர் செலுத்துவதென்று நாமே கமிட்டியில் கேட்டுக்கொண்டோம், அன்புடன் இசைந்தனர். அக்கிராசனர் அவர்கள் இருவரையும் ஒருங்கே மேடைக்கு அழைக்க வேண்டுகிறோம். அச்சிறுமியின் பாட்டியாரும் உடன் வரவேண்டும்.