கறுப்பாய் விழுகிற படம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றால் நீரிழிவைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். இம்முறை செயலாளர் கைத்தொலைபேசியில் படம் எடுப்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டுவிட்டார். எங்கள் வகுப்பு நண்பிகள் சேர்ந்து ரிவர்ஸ்டன் போய் எடுத்து வந்த படங்கள்தான் காரணம்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் பாதை உங்களில் பலருக்குத் தெரியும். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸ் மலைத்தொடரும் அடங்கும். மேலே தொலைத்தொடர்புக் கோபுரம், ஆளைத் தள்ளும் காற்று, மூடுபனி. கண்ணுக்கு விருந்து, கமெராவுக்கோ சோதனை. முதலில் எடுத்த படங்களில் பனி சாம்பல் நிறம், நாங்கள் கரிக்கட்டைகள்!

ஏன் அப்படி? கமெரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. வெள்ளைப் பனி படத்தை நிறைத்தால், "வெளிச்சம் கூடிவிட்டது" என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தும் பனியில் ஏமாந்துபோகிறது. அந்தக் குறைப்பில் முதலில் இருளில் மறைவது கறுத்த முகம்தான்.

எங்களில் ஒருத்தி பாடசாலைக் காலத்திலிருந்தே, "நான் கறுப்பாய் விழுவன், என்னை விடுங்கோ" என்று பின்வரிசைக்குப் போய்விடுவாள். ரிவர்ஸ்டனிலும் படம் எடுப்பவளாகவே நின்றாள். பிழை அவள் நிறத்தில் இல்லை. பிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்கக் கொடாக் நிறுவனம் அனுப்பிய "ஷேர்லி அட்டை"களில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்களே இருந்தார்கள். கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்று கூகுள் தன் பிக்சல் 6இல் "ரியல் டோன்" கொண்டுவந்தது 2021இல்தான்.

அவளை இழுத்து நிறுத்தினோம். திரையில் அவள் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தோம்; வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொண்டன. பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினோம். பனி வெள்ளையானது, முகம் முகமானது. அழகூட்டும் வடிகட்டியையும் நிறுத்தினோம். அது வெளுப்பாக்கித் தருகிற முகம் யாருடையதோ! அவள் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அனுப்பு" என்றாள்.

"ப்ரோ" முறை உள்ள தொலைபேசியானால் இன்னும் வசதி. பெரும்பாலான தொலைபேசிகளில் வில்லைத் துவாரம் மாறாது. கையாள இருப்பவை ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை, குவியம். பனியில் குவியம் பிடிபடாமல் அலையும். மலைக் குறிப் பக்கம் தள்ளிவிட்டால் தூரத்தில் நிற்கும். பிட்டவல பத்தனையின் புல் காற்றில் ஆடுவதை உறைய வைக்க 1/500 விநாடி போதும். ஆட்டத்தையே காட்ட வேண்டுமானால் 1/15, ஐஎஸ்ஓ 50, தொலைபேசி ஒரு பாறையில். நல்ல வெயிலில் இது சரிவராது, படம் வெளுத்துவிடும். பின்னேரம் வரை பொறுங்கள். (அட்டைகளும் பொறுமையாகக் காத்திருக்கும், கவனம்.)

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கிக்கு விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். 5500 கெல்வினில் வைத்தால் ஒரே சீராக இருக்கும்.

இந்த விடயம் எங்கள் தொழிலுக்குள்ளும் வருகிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும், "பிள்ளையின்ர கண் மஞ்சளோ பார்" என்று படம் அனுப்புகிறீர்கள். இரவில், மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் எல்லாக் கண்ணும் மஞ்சள்தான். தானியங்கி அதைத் திருத்தப்போய் உண்மையான மஞ்சளையும் அழித்துவிடலாம். பகலில் யன்னலருகே, வடிகட்டி இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எடுங்கள். தோலில் தழும்போ கட்டியோ என்றால் ஓர் அடிமட்டமும் வையுங்கள். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, ஆகவே வெளிச்சத்தைத் தோலின் மேல் பூட்டுங்கள். சந்தேகமென்றால் படத்தை நம்பியிராமல் நேரே வைத்தியரிடம் போங்கள்.

இன்று நாலு மணிக்குக் குழுப்படம். மண்டபத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால்தான் நிற்கப்போகிறோம். அதுவும் பனியைப் போலத்தான். எடுப்பவர், எங்களில் மிகக் கறுத்த முகத்தைப் பார்த்து விரலை வைக்கட்டும். பின்வரிசைக்காரர் முன்னுக்கு வாருங்கள்.