பொர்க்குனி ஏரிக்கரையில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப் புகுவதோ, நம்மில் பலர் பெயரளவில்கூடக் கேட்டறியாத ஓர் ஏரிக்கரையில், 1944ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் நிகழ்ந்த ஒரு போரைப் பற்றி. ஆயினும் இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது உள்ளே அடைபட்டுக் கிடந்தவன் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர், இருவர் சூடியதும் ஆத்தி மாலையே. கோவூர் கிழார் இடையே புகுந்து, இருவர்க்கும் குடி ஒன்றே என்பதை நினைவூட்டிப் போரை விலக்க முற்பட்டார். அங்கே போரைத் தொடுத்தவர்களும் அவ்விருவரே. நிறுத்த வல்லவர்களும் அவ்விருவரே. பொர்க்குனி ஏரிக்கரையில் எதிர்ப்பட்டவர்களுக்கு அந்த உரிமையும் இல்லை.

பால்டிக் கடற்கரையில் உள்ள சிறு நாடு எஸ்தோனியா. 1934ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் மக்கள் தொகை சுமார் 11 இலட்சம். இத்தலைநகரின் ஒரு பகுதிக்குக்கூடக் காணாது! 1918இல் விடுதலை அறிவித்து, ருஷ்யாவோடு பொருது, 1920இல் தார்த்து நகர உடன்படிக்கையால் அவ்விடுதலையை உறுதி செய்து கொண்டது. பின்னர் 1939 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் நாடும் கைகோத்து, இடைப்பட்ட நாடுகளை மறைவாகப் பங்கிட்டுக் கொண்டன. எஸ்தோனியா ஸ்டாலின் பங்காயிற்று. 1940இல் செஞ்சேனை நுழைந்தது. 1941 ஜூன் 14ஆம் நாள் இரவில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர், பெண்டு பிள்ளைகளோடு சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அடுத்த வாரமே ஜெர்மானியப் படையெடுப்பு தொடங்கிற்று.

ஒரே ஊர் இளைஞர் இரு படைகளில் சேர்ந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. பின்வாங்கிய சோவியத் அரசு, அந்தக் கோடையில் 30,000க்கு மேற்பட்ட எஸ்தோனிய ஆடவரைப் படைக்கு ஆள் திரட்டி ருஷ்யாவுக்குக் கொண்டு சென்றது. அவர்களை நம்பாமல் உழைப்புப் படைகளில் வைத்தது. பசியாலும் குளிராலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சியவர்களையும் ருஷ்யாவில் வாழ்ந்த எஸ்தோனியரையும் கொண்டு 1942இல் எட்டாம் எஸ்தோனியத் துப்பாக்கிப் படை அமைந்தது. அவ்வாண்டின் குளிர்காலத்தில் வெலிகியே லூக்கி நகரப் போரில் அப்படை பெருஞ்சேதம் அடைந்தது.

1941இல் காட்டுக்குள் ஒளிந்து அந்த ஆள்திரட்டலுக்குத் தப்பியவன் கதி என்ன? ஜெர்மானியர் 1942இல் எஸ்தோனிய லெஜியன் என்ற படையை எஸ்.எஸ். அமைப்பின்கீழ்த் தொடங்கினர். விரும்பிச் சேர்ந்தோர் சிலரே. 1944 தொடக்கத்தில் செஞ்சேனை நார்வா ஆற்றங்கரையை எட்டியதும் கட்டாய ஆள்திரட்டல் வந்தது. விடுதலை எஸ்தோனியாவின் கடைசித் தலைமை அமைச்சர் யூரி உலுவோட்ஸ், அதுவரை இத்தகைய ஆள்திரட்டலை எதிர்த்தவர், இம்முறை வானொலியில் பேசி, ஆடவர் படைக்குச் செல்ல வேண்டும் என்றார். 38,000 பேர் வரை வந்தனர். ஜெர்மனியின்பால் அன்பினால் அன்று. 1941 ஜூன் மீண்டும் வரக் கூடாது என்னும் அச்சத்தினால். ஆக, எந்தச் சீருடை என்பதைப் பலர்க்கும் கொள்கை முடிவு செய்யவில்லை. எந்த ஆண்டில் எவர் கையில் அகப்பட்டான் என்பதே முடிவு செய்தது.

1944 செப்டம்பர் 17ஆம் நாள் தார்த்துப் பக்கமிருந்து செஞ்சேனை வடக்கு நோக்கிப் பெருந்தாக்குதல் தொடுத்தது. எட்டாம் எஸ்தோனியப் படையும் எமயோகி ஆற்றைக் கடந்து முன்னேறிற்று. எஸ்தோனியாவைக் கைவிடுவதென ஜெர்மானியத் தலைமை அதற்கு முன்பே முடிவு செய்திருந்தது. 18ஆம் நாள் மாலை முதல் நார்வா முனையிலிருந்து படைகள் மேற்கே நகர்ந்தன. அந்தப் பின்னடைவில், இரவு பகலாக நடந்து களைத்த எஸ்தோனியப் பிரிவுகளும் சென்றன. அவர்கள் செல்ல வேண்டிய வழிகளின் குறுக்கே தெற்கிலிருந்து வந்து நின்றவர்கள், செஞ்சேனை உடையணிந்த எஸ்தோனியர்.

20ஆம் நாள் அவினுர்மே அருகே மோதினர். மறுநாள் பொர்க்குனியில், காடும் சுண்ணாம்புக் கல் நிலமும் சூழ்ந்த, பழங்கோட்டையின் வாயிற்கோபுரம் இன்றும் நிற்கின்ற அந்த ஏரிப் பக்கத்தில், மீண்டும் மோதினர். வழி திறந்து மேற்கே தப்ப வேண்டும் என்பது ஒரு சாராரின் தேவை. அதை அடைக்க வேண்டும் என்பது மறு சாராருக்கு இடப்பட்ட கட்டளை. நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். சிலர் காடுகளில் சிதறினர், பலர் சிறைப்பட்டனர். இரு பக்கத்திலும் அடிபட்டவன் அம்மாவை அழைத்தது பெரும்பாலும் ஒரே மொழியில்.

அதே நாட்களில் தாலின் நகரில் ஒட்டோ தீப் தலைமையில் ஓர் எஸ்தோனிய அரசு அமைந்து, நெட்டை எர்மன் கோபுரத்தில் நீலமும் கருமையும் வெண்மையுமான நாட்டுக் கொடியை ஏற்றியது. பொர்க்குனிப் போருக்கு மறுநாள், செப்டம்பர் 22 அன்று, செஞ்சேனை தாலினைக் கைப்பற்றியது. முன்னணியில் நுழைந்த பிரிவுகளில் எட்டாம் எஸ்தோனியப் படையினரும் இருந்தனர். கொடி இறங்கியது.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்துப் பேசுதல் முறையன்று. ஜெர்மானியர் ஆட்சியில் எஸ்தோனியாவில் எஞ்சியிருந்த யூதர் ஏறத்தாழ ஆயிரம் பேர், 1941ஆம் ஆண்டுக்குள்ளேயே கொல்லப்பட்டனர்; எஸ்தோனியக் காவலரும் அதற்குத் துணை நின்றனர். பொர்க்குனிப் போருக்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 19ஆம் நாள், குளோகா முகாமில் சுமார் 2,000 கைதிகளைச் சுட்டுக் கொன்றனர். அங்கு மாண்டவர்களில் பெரும்பாலோர் ஒருவர்மீதும் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர். பொர்க்குனியின் துயரைச் சொல்பவன் குளோகாவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போருக்குப் பின் செஞ்சேனையில் மாண்டவர்க்குக் கல் நட்டனர். மற்றவர்களின் பெயரை வெளியில் சொல்லவும் இடமில்லை. 1991இல் விடுதலை மீண்ட பிறகு நிலைமை மாறியது. 2007 ஏப்ரலில், தாலின் நகர நடுவிலிருந்த செஞ்சேனை வீரனின் வெண்கலச் சிலையை இராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியபோது தெருக்களில் கலவரம் மூண்டது. ஓர் உயிரும் போயிற்று.

2015இல் எல்மோ நூகானென் இயக்கத்தில் "1944" என்ற திரைப்படம் வந்தது. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். முதற்பாதியில் நாம் ஜெர்மானியச் சீருடையில் உள்ள கார்ல் என்னும் இளைஞனோடு நடக்கிறோம். நடுவில், எஸ்தோனியரும் எஸ்தோனியரும் மோதும் இடத்தில், செஞ்சேனை வீரன் யூரியின் குண்டுபட்டுக் கார்ல் வீழ்கிறான். அதன்பின் படம் யூரியோடு செல்கிறது. இறந்தவன் தன் சகோதரிக்கு எழுதிய கடிதம் யூரியின் கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, தாலினில் அவள் வீட்டுக்குப் போகிறான்.