காஞ்சியில் ஒரு பகல்



பத்தாண்டு நிறைவெய்தும் இந்நன்னாளில் என் குறை ஒன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ள விழைகிறேன். பல்லாண்டுகளாக மணிமேகலையைப் பாடம் சொல்லி வருகிறேன். ஆவடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: “மணிமேகலை நோன்பிருந்த இடம் காஞ்சியில் எங்கே இருக்கிறது, அம்மா?” முனைவர் பட்டம் பெற்ற நான் வாயடைத்து நின்றேன். பட்டுப்புடவை வாங்கக் காஞ்சிக்குப் பலமுறை சென்றவள். புத்தரைத் தேடி ஒருமுறையும் சென்றதில்லை.

அவ்வினாவே நம் வட்டத்தினரை ஒரு ஞாயிறு விடியலில் பூவிருந்தவல்லியிலிருந்து வேனில் ஏற்றியது. அவ்வூரிற் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்கு மலர்த்தொண்டு புரிந்தவர். நாங்களோ கையில் மலரின்றி ஒரு வினாவோடு சென்றோம்.

7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாக எழுதினார். நாலந்தாவின் தலைமை ஏற்ற தருமபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர். அத்தகைய நகரில் இன்று எஞ்சியவை எவை?

ஏகாம்பரநாதர் கோயிலின் வெளிமதிலில் சிறு புத்த உருவங்கள் சில உள்ளன. நாள்தோறும் ஆயிரவர் கடந்து செல்லும் அம்மதிலில் அவற்றைக் கண்டறிய எங்களுக்கு நெடுநேரம் ஆயிற்று. கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயிலிலும் புத்தர் சிலைகளைக் கண்டோம். அங்கே ஒரு மூதாட்டி சிலையின் காலடியில் பூ வைத்தார். “இது யார், பாட்டி?” என்றேன். “யாரா இருந்தா என்னம்மா, சாமிதானே?” என்றார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் கைப்பூவும் அச்சிலையைக் காத்து நிற்பதன்றோ?

காமாட்சியம்மன் கோயிலில் இருந்து, 1915இல் கோபிநாதராவ் அவர்களால் அறியப்பட்ட, ஏறத்தாழ ஏழடி உயர நின்றகோலப் புத்தரை அடுத்த ஞாயிறன்று எழும்பூர் அருங்காட்சியகத்திற் கண்டோம்.

சப்பானின் நாரா நகரில் 752இல் பெரும்புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. அந்நகரிற் கோயில் கோயிலாய்ப் புத்தரை ஒரே பகலிற் காணலாம். இங்கோ மதிற்கல்லில் துழாவ வேண்டியுள்ளது. சேலத்துத் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பெற்ற சிலை புத்தர் சிலையே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இற்றான் தீர்ப்பளித்தது.

மாணவிக்கு என் விடை இது: “இந்த இடம் என்று சுட்ட இயலாது, மகளே. பசித்தோர்க்கெல்லாம் அவள் அமுதசுரபியால் சோறிட்ட நகரம் இது. அதுவே காப்பியம் காட்டும் அடையாளம்.”

கவிஞர்களே, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிச் சுற்றூர்களில் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் பெயரறியாச் சிலைகளைக் கண்டால் ஊரையும் நாளையும் குறித்து வையுங்கள். அங்குள்ளோர் அதனை அழைக்கும் பெயரையும் மறவாது எழுதுங்கள். அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் ஆற்றத்தக்க பணி அது.